ஐந்து எழுத்தும் ஒரு துண்டுச் சீட்டும்

(நம் குடியிருப்பின் சமூகக் கூடத்தில் ஞாயிறு மாலை நடந்த 'என் பொழுதுபோக்கு' நிகழ்ச்சியில், அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் 'சி' பிளாக் குடியிருப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



தண்ணீர் லாரி, லிஃப்ட், பார்க்கிங் இந்த மூன்றையும் தவிர வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று செயலாளர் சொல்லிவிட்டார். அதனால்தான் தைரியமாக மேடை ஏறியிருக்கிறேன்.

எங்கள் பிளாட்டுக்கு வந்தவர்கள் கூடத்தில் இருக்கும் கண்ணாடி அலமாரியைப் பார்த்திருப்பீர்கள். அதில் மொத்தம் 63 விமானங்கள் இருக்கின்றன. பார்த்தவர்களில் பாதிப் பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "என்ன சார், இந்த வயசுல பொம்மையா?" மீதிப் பாதிப் பேர் மரியாதைக்காகக் கேட்கவில்லை, மனதில் நினைத்துக்கொண்டு காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். இரு தரப்புக்கும் சேர்த்து இன்று பதில் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

கணக்கும் எழுத்தும்

கடைத்தெருவில் தொங்கும் விளையாட்டு விமானத்துக்கும் மாதிரி விமானத்துக்கும் முதல் வித்தியாசம் கணக்கு. அசல் விமானத்தின் நீளம், அகலம், உயரம், ஜன்னல், சக்கரம் எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுத்துச் செய்தால் அது மாதிரி. 1:400 என்று பெட்டியில் போட்டிருந்தால் 400-ஆல் வகுத்திருக்கிறார்கள் என்று பொருள். நாம் 'ஜம்போ' என்று சொல்லும் பழைய போயிங் 747-இன் நீளம் 70.6 மீட்டர். 400-ஆல் வகுத்தால் 17.7 சென்டிமீட்டர். ஒரு பால்பாயின்ட் பேனாவைவிடச் சற்று நீளம், அவ்வளவுதான். அதையே 1:200-இல் வாங்கினால் 35 சென்டிமீட்டர். பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கேலைத் தாண்டிவிடும். 1:500-இல் 14 சென்டிமீட்டர். ஆறடி உயர மனிதர் 1:400 கணக்கில் நாலரை மில்லிமீட்டர். ஓர் எறும்பு அந்த விமானத்துக்குப் படி ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

உருக்கிய துத்தநாகக் கலவையை அச்சுக்குள் அழுத்தி வார்த்து உடலைச் செய்கிறார்கள். இதைத்தான் 'டைகாஸ்ட்' என்கிறோம். வண்ணம் அடித்த பிறகு மெத்தென்ற சிலிகான் முத்திரையால் ஜன்னல்களையும் எழுத்துகளையும் பதிக்கிறார்கள். ஜெர்மனியின் ஹெர்பா 1:500-இலும், அமெரிக்காவின் ஜெமினி ஜெட்ஸ் 1:400-இலும் பெயர் பெற்றவை. இவை வருவதற்கு முன், விமான நிறுவனங்கள் தங்கள் டிக்கெட் அலுவலகங்களுக்கும் முகவர்களுக்கும் கொடுத்த பெரிய மாதிரிகள்தான் இருந்தன. அந்தக் காலத்தில் மவுண்ட் ரோட்டில் நடந்தவர்கள், கண்ணாடிக்குப் பின்னால் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்ற அந்த விமானங்களை மறந்திருக்க மாட்டார்கள். டிக்கெட் வாங்க வசதியில்லாதவர்களும் பார்த்துவிட்டுப் போக அதற்குக் காசு வேண்டியதில்லை.

இரண்டாவது வித்தியாசம் எழுத்து. உலகில் பறக்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் நம் கார் நம்பர் பிளேட் மாதிரி ஒரு பதிவு அடையாளம் உண்டு. இந்திய விமானம் என்றால் விடி என்ற இரண்டு எழுத்து, அடுத்து மூன்று எழுத்து. ஆக மொத்தம் ஐந்தெழுத்து. உடனே யாரும் சிவாய நம என்று எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆனால் சேகரிப்பவனுக்கு இதுவும் மந்திரம்தான். அந்த ஐந்து எழுத்து இல்லாத வரை கையில் இருப்பது ஏதோ ஒரு 747. எழுத்தைப் படித்துவிட்டால் அது குறிப்பிட்ட ஒரே ஒரு விமானம். அது எந்த வருடம் வந்தது, எந்த ஊருக்கெல்லாம் போனது, கடைசியில் என்ன ஆனது எல்லாம் பின்னால் வரும். நான் விமானங்களைச் சேர்க்கவில்லை, இந்த வரலாறுகளைச் சேர்க்கிறேன் என்று என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "வரலாறுதான்னா தூசி துடைக்க வேண்டியிருக்காதே" என்றாள்.

பழைய விமானங்கள் ஏன் அழகாக இருக்கின்றன?

நம் மொட்டை மாடியில் மாலை நேரம் நின்றால் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் வரிசையாகத் தெரியும். ஏர்பஸ் ஏ320 எது, போயிங் 737 எது என்று தூரத்திலிருந்து சொல்லிப் பாருங்கள். பழகிய கண்ணுக்கே கஷ்டம். இரண்டு இறக்கை, இறக்கைக்குக் கீழே இரண்டு இன்ஜின், நேரான குழாய் உடம்பு. கிட்டத்தட்ட ஒரே அச்சு.

முன்பு அப்படியில்லை. அமெரிக்க லாக்ஹீட் நிறுவனத்தின் கான்ஸ்டலேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு மீனைப் போல வளைந்திருக்கும். வாலில் மூன்று செங்குத்துத் துடுப்புகள். அழகுக்காக அல்ல. ஒரே பெரிய துடுப்பு வைத்தால் அன்றைய கொட்டகைகளுக்குள் நுழையாது. உயரத்தைக் குறைத்து மூன்றாகப் பிரித்தார்கள்.

பிரிட்டனின் கோமெட், பயணிகளை ஏற்றிய முதல் ஜெட். 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோஹன்னஸ்பர்குக்குக் கிளம்பியது. அதன் நான்கு இன்ஜின்களும் இறக்கை உடலோடு சேரும் இடத்துக்குள் புதைந்திருக்கும். வெளியே எதுவும் தொங்காது. பிரான்சின் காரவெல் இன்ஜின்களை வால்பக்கம் கொண்டுபோய் ஒட்டியது. அதனால் முன்வரிசைப் பயணிகளுக்குச் சத்தம் குறைவு. அதன் ஜன்னல்கள் முனை மழுங்கிய முக்கோணங்கள். மூக்கு மட்டும் கோமெட்டின் மூக்கு. உரிமம் பெற்று அதே வடிவத்தை வாங்கிக்கொண்டார்கள். என் அலமாரியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். குழந்தைகள் வந்தால் "இவங்க ரெண்டு பேருக்கும் என்ன சொந்தம், கண்டுபிடி" என்று கேட்பேன். ஏழு வயதுப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் மூக்கைத் தொட்டுக் காட்டுகிறார்கள். பெரியவர்களுக்குத்தான் நேரமாகிறது.

பிரிட்டனின் விசி10 நான்கு இன்ஜின்களையும் வாலில் வைத்தது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வெயில் அதிகம், ஓடுபாதை குட்டை; அங்கே சீக்கிரம் மேலெழும்ப இறக்கையில் இடைஞ்சல் இருக்கக் கூடாது என்று கணக்குப் போட்டார்கள். 747-க்கு ஏன் முதுகில் திமில்? வருங்காலத்தில் பயணிகள் எல்லோரும் ஒலியைவிட வேகமான விமானத்துக்குப் போய்விடுவார்கள், இது சரக்கு சுமக்கும் என்று எதிர்பார்த்தார்கள். மூக்கைத் திறந்து சரக்கு ஏற்ற வழி வேண்டும் என்பதால் விமானி அறையை மாடிக்குக் கொண்டுபோனார்கள். நடந்ததோ வேறு. ஒலியைவிட வேகமான கான்கார்டு மொத்தமே 20 செய்தார்கள். 2003-இல் ஓய்வு பெற்றுவிட்டது. சரக்கு வண்டியாகிவிடும் என்று நினைத்த 747, 2023 ஜனவரியில் கடைசி விமானம் ஒப்படைக்கப்பட்டபோது 1,574 என்ற எண்ணிக்கையைத் தொட்டிருந்தது.

கான்கார்டு என்றதும் ஒரு வேடிக்கை. 1970-களின் கடைசியில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து லண்டன், பஹ்ரைன், சிங்கப்பூர் என்று ஒரு சேவை நடத்தின. அதற்கென்று ஒரு கான்கார்டுக்கு இடது பக்கம் ஒரு நிறுவனத்தின் வண்ணம், வலது பக்கம் மற்றதன் வண்ணம். அந்த மாதிரி என்னிடம் இருக்கிறது. சிங்கப்பூரில் மகன் இருக்கும் நண்பர் வந்தால் ஒரு பக்கம் திருப்பி வைப்பேன், லண்டனில் மகள் இருக்கும் நண்பர் வந்தால் மறுபக்கம்.

பழைய விமானங்களின் அழகு இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு ஒருவர் யோசித்துச் சொன்ன பதில். சரியான விடை இன்னதென்று அப்போது யாருக்கும் தெரியாது; ஆளுக்கொரு வழியில் முயன்றார்கள். இன்று எரிபொருள் செலவு, பாதுகாப்பு, பராமரிப்பு எல்லாம் கூட்டிக் கழித்து நல்ல விடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

பழசெல்லாம் பொன் என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்த விமானங்கள் அதிகமாகப் புகை கக்கின, காதைப் பிளந்தன, எண்ணெயைக் குடித்தன. கோமெட்டின் கதையே இருக்கிறது. 1954-இல் மூன்று மாத இடைவெளியில் இரண்டு கோமெட்டுகள் இத்தாலியக் கடலோரம் வானிலேயே சிதறின. அதன் பின் ஃபார்ன்பரோவில் ஒரு கோமெட்டின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது ஏற்படும் அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துச் சோதித்தார்கள். உலோகம் களைத்துப் போய், உடலில் வெட்டியிருந்த திறப்பின் மூலையில் விரிசல் விட்டது. அடுத்த முறை நீங்கள் விமானத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் அந்த ஜன்னலின் வளைந்த மூலையைப் பாருங்கள். அந்த வளைவுக்குப் பின்னால் இந்தப் பாடமும் இருக்கிறது.

நம் ஊருக்கு வந்த தபால்

நான் அஞ்சல் துறையில் 38 வருடம் இருந்தவன். அதில் சில வருடங்கள் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் தபால் பைகளை அனுப்பி வாங்கும் பிரிவில் வேலை. விமானம் என்றால் எனக்கு முதலில் பயணி ஞாபகம் வருவதில்லை, சாக்குப்பைதான் வரும். அதனால் என் அலமாரியின் முதல் தட்டு தபால் தட்டு.

அதில் முதலில் நிற்பது பஸ் மாத். பேருந்தோடு சம்பந்தமில்லை; அது ஒரு அந்துப்பூச்சியின் ஆங்கிலப் பெயர். ஒற்றை இன்ஜின், மூன்று பேர் உட்காரும் சின்ன விமானம். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து ஒரு பஸ் மாத்தில் 25 கிலோ தபாலோடு கிளம்பி, அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். நம் நாட்டு விமான சேவையின் பிள்ளையார் சுழி என்று இதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பலருக்குத் தெரியாதது மீதிக் கதை. அந்தத் தபால் பம்பாயோடு நிற்கவில்லை. நெவில் வின்சென்ட் என்ற விமானி அதை வாங்கிக்கொண்டு பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த முதல் பாதையின் கடைசி நிறுத்தம் நம் ஊர்.

டாடா ஓட்டிய விமானத்தின் ஐந்தெழுத்து விடி-ஏடிஎன். 1:400 கணக்கில் அதன் நீளம் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. நீளவாக்கில் ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும். கடையில் தேடினேன், அந்த அளவில் கிடைக்கவில்லை. அட்டையும் தீக்குச்சியும் வைத்து நானே செய்தேன். அதைப் 747-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், ஒரே அளவில் சேகரிப்பதன் பயன் புரியும். டாடா அதே வழியில் 1982-இல், தன் 78-ஆவது வயதில், லெப்பர்ட் மாத் என்ற சிறு விமானத்தை மறுபடி தனியாக ஓட்டிக் காட்டினார். "இந்த வயசுல பொம்மையா" என்று கேட்பவர்களுக்கு இதையும் சொல்லி வைக்கிறேன்.

அடுத்தது டிசி-3, டகோட்டா என்று நம் ஊரில் பெயர். போர் முடிந்தபின் ராணுவம் கழித்துவிட்ட டகோட்டாக்கள் மலிவாகக் கிடைத்தன. இந்திய நிறுவனங்கள் வாங்கிக் குவித்தன. 1949-இல் இரவு விமானத் தபால் தொடங்கியது. சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லி நான்கு ஊர்களிலிருந்தும் ராத்திரி ஒவ்வொரு விமானம் கிளம்பும். நாலும் நள்ளிரவில் நாக்பூரில் கூடும். பைகளை மாற்றிக்கொண்டு, வந்த ஊருக்கே திரும்பி விடிவதற்குள் இறங்கும். அதே வருடம் உள்நாட்டுக் கடிதங்களைக் கூடுதல் கட்டணம் வாங்காமல் விமானத்தில் அனுப்பும் ஏற்பாடும் வந்தது. சாயங்காலம் சென்னையில் போட்ட கடிதம் மறுநாள் டெல்லியில். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தச் சேவை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் நாக்பூர் என்று சொன்னாலே கண் மின்னும் மூத்தவர்கள் பிரிவில் இருந்தார்கள். கொரியர் கம்பெனிகள் இன்று பெருமையாகச் சொல்லும் வேலையைக் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் லாந்தர் வெளிச்சமும் சாக்குப்பையுமாகச் செய்தவர்கள் என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். லாந்தர் என்பது கொஞ்சம் மிகையாக இருக்கலாம், பெருமை மிகையில்லை.

இளவரசிகளிலிருந்து சோழன் வரை

இரண்டாவது தட்டு ஏர் இந்தியா. இந்த நிறுவனம் விமானங்களுக்குப் பெயர் வைத்த விதமே ஒரு தனிப் பாடம். 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்த முதல் கான்ஸ்டலேஷனின் பெயர் 'மலபார் பிரின்சஸ்'. அதன் தோழிகளும் இளவரசிகளே. அடுத்து வந்த சூப்பர் கான்ஸ்டலேஷன்கள் ராணிகள். 1960-இல் வந்த போயிங் 707-கள் இமயச் சிகரங்கள்: நந்தாதேவி, கௌரிசங்கர், அன்னபூர்ணா. 1971-இல் 747-கள் வந்தபோது சக்கரவர்த்திகள். ஒவ்வொரு ஜன்னலையும் சுற்றி ராஜஸ்தான் அரண்மனைச் சாளரம் போலச் சிவப்பு வளைவு வரைந்தார்கள். விமானம் நின்றால் தேர் நிற்பது மாதிரி இருக்கும்.

அசோகர், ஷாஜகான், அக்பர் வரிசையில் விடி-ஈபிஎன் யார் தெரியுமா? சக்கரவர்த்தி ராஜேந்திர சோழன். பின்னால் வந்த விடி-ஈஜிபி மகேந்திரவர்மன். கப்பலில் கடாரம் கொண்டவனும் மாமல்லனின் தகப்பனும் ஜம்போ ஜெட்டாக உலகம் சுற்றினார்கள் என்று சொன்னால் நம் குழந்தைகளுக்கு வரலாற்றுப் பாடம் உடனே ஏறிவிடுகிறது. நான் காசு கொடுத்து வாங்கிய முதல் 747 மாதிரி ராஜேந்திர சோழன்தான்.

இந்தத் தட்டில் மனது கனக்கும் இடங்களும் உண்டு. மலபார் பிரின்சஸ் 1950 நவம்பரில் ஆல்ப்ஸின் மோன் பிளாங்கில் மோதியது. 48 பேர் இறந்தார்கள். அதே மலையில் 1966 ஜனவரி 24 அன்று 'கஞ்சன்ஜங்கா' என்ற 707 மோதியது. இறந்த 117 பேரில் விஞ்ஞானி ஹோமி பாபாவும் ஒருவர். முதல் 747-ஆன அசோகர் 1978 புத்தாண்டு அன்று பம்பாய்க் கடலில் விழுந்தது. 213 பேர் போனார்கள். பிறகு விடி-ஈஎஃப்ஓ, சக்கரவர்த்தி கனிஷ்கர். 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கடலுக்கு மேலே குண்டு வெடித்து 329 பேர் இறந்தார்கள்.

ஆறு வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரே மாதிரி இரண்டு 747-கள் இருந்தன. சேகரிக்கும் நண்பர் ஒருவர், "ஒன்றில் எழுத்தை மாற்றிக் கனிஷ்கா ஆக்கிவிடலாம், ஒட்டுப்படம் என்னிடம் இருக்கிறது" என்றார். வீட்டில் கேட்டேன். என் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மத்ததெல்லாம் அழகுக்கு வெச்சிருக்கீங்க. இதையும் அழகுக்கா?" என்றாள்.

அந்தக் கேள்வியை இரண்டு மாதம் சுமந்தேன். வைக்காமல் விட்டால் அந்தத் தட்டு அழகான விமானங்களின் விளம்பரப் பலகை ஆகிவிடும். நடந்ததை ஒளிப்பது போல இருக்கும். சும்மா வைத்தாலோ, ஷோகேஸில் நிற்கும் இன்னொரு பொருள். 329 பேர் போன விமானத்தை அப்படி வைப்பது தப்பு என்று பட்டது. கடைசியில் எழுத்தை ஒட்டினேன். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் தேதி, இடம், எத்தனை பேர், எப்படி என்று நாலு வரி எழுதி விமானத்துக்கு முன்னால் வைத்தேன். அயர்லாந்தின் அஹாகிஸ்டா என்ற கடலோர ஊரில் அவர்களுக்கு நினைவிடம் இருப்பதையும் எழுதினேன். என் மனைவி படித்தாள். "இப்போ இருக்கட்டும்" என்றாள். ஒவ்வொரு வருடமும் ஜூன் 23 அன்று அதைத் துடைப்பது அவள்தான்.

என் அலமாரியில் எழுதிய முதல் சீட்டு அது. அதன் பின் ஒவ்வொரு விமானத்துக்கும் எழுதத் தொடங்கினேன்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

பிளாட்டில் இடம் எவ்வளவு என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதனால் சில யோசனைகள்.

முதலில் ஒரே அளவு என்று முடிவு செய்யுங்கள். நம் வீடுகளுக்கு 1:400 பொருத்தம். சாதாரணப் புத்தகத் தட்டில் பெரியதும் சிறியதுமாகப் பத்துப் பன்னிரண்டு நிற்கும்.

அரிதானது என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக வாங்காதீர்கள். நீங்கள் முதன்முதலில் ஏறிய விமானம், அப்பா துபாயிலிருந்து வந்திறங்கிய விமானம், பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பிய விமானம், இப்படி மூன்று போதும். பழைய டிக்கெட்டோ போட்டோவோ இருந்தால் வகையைக் கண்டுபிடித்துவிடலாம். விலை ஏறும், முதலீடு என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

சென்னையின் ஈரக் காற்றுதான் பெரிய எதிரி. துத்தநாக வார்ப்பில் ஈயம் போன்ற கலப்படம் சிறிது இருந்தாலும், ஈரம் சேர்ந்தால் நாளடைவில் உள்ளேயே அரித்து, உடல் வீங்கி, வெடித்து, பொடியாகிவிடும். வெளியே துரு தெரியாது. தூய்மையான துத்தநாகத்தில் செய்த பொருட்களுக்கு இந்த நோய் வராது. மிகப் பழைய வார்ப்பு வாங்குவதானால் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று இறக்கையின் அடியில் பாருங்கள். மூடும் கண்ணாடி அலமாரி, உள்ளே மாத்திரை டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பாக்கெட்டுகள் நாலைந்து. அந்துருண்டை வேண்டாம், சில பிளாஸ்டிக் பாகங்களைக் கெடுக்கும். நேர் வெயில் பட்டால் வெள்ளை வண்ணம் மஞ்சளாகும். பால்கனி ஓரம் வைக்காதீர்கள்.

துடைக்க, மெல்லிய ஓவியத் தூரிகை போதும். இறக்கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், நடு உடலைப் பிடியுங்கள். முதுகில் இருக்கும் ஊசி போன்ற ஆன்டெனாக்கள் துணி பட்டாலே உடையும். சின்னக் குழந்தைகள் கைக்கு எட்ட வேண்டாம். சக்கரம் வாய்க்குள் போகிற அளவுதான். பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீடு மாறும்போது அதற்கு ஈடான பாதுகாப்பு வேறில்லை.

ஸ்டாண்டுக்கு அடியில் இருந்தது

கடைசியாக ஒன்று. இதைச் சொல்ல, சம்பந்தப்பட்ட மாமியிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்றார்.

நம் குடியிருப்பில் இருந்த ஒரு பெரியவர் மூன்று வருடங்களுக்கு முன் காலமானார். மீனம்பாக்கத்தில் விமானப் பராமரிப்பில் இருந்தவர். அதிகம் பேச மாட்டார். காரியமெல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். லாஃப்ட்டிலிருந்து இறக்கிய ஒரு அட்டைப்பெட்டியில் ஐந்து விமானங்கள், மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆனவை. "என்ன பண்றதுன்னு தெரியல. எடைக்குப் போட்டுடலாம்னு மருமக சொல்றா. உங்களுக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே, எடுத்துக்கறேளா?" என்றார்.

ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தேன். அதில் ஒரு காரவெல். திருப்பினால் மர ஸ்டாண்டின் அடியில் ஒரு பிளாஸ்திரித் துண்டு. அதில் பேனாவில் நுணுக்கி எழுதியிருந்தது: '1971 ஆகஸ்ட். இடது இன்ஜின் மாற்றியது. 3 நாள்.' எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. எந்தக் கொட்டகையிலும் நடக்கும் வழக்கமான வேலைதான். வாய்விட்டுப் படித்தேன்.

மாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பெரியவன் பொறந்தது அந்த மாசம்தான். ஆஸ்பத்திரிக்கு மூணு நாள் கழிச்சுத்தான் வந்தார். ஏன்னு கேட்டேன். வேலைன்னார். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் அம்பது வருஷமா அதை மறக்கல" என்றார். அந்த ஸ்டாண்டைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்த மூன்று நாளைக் குறித்துவைத்தது இன்ஜினுக்காகவா, பிள்ளைக்காகவா? கேட்க ஆள் இல்லை. ஆனால் எழுதி ஒட்டி, அதை வாழ்நாள் முழுக்க வைத்திருந்தார்.

மற்ற நான்கு விமானங்களின் அடியில் ஒன்றும் இல்லை. அவற்றுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். இனி அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

நான் அந்தப் பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. மாமியும் எடைக்குப் போடவில்லை.

கொலு வைக்கும் வீடுகளில் கவனித்திருப்பீர்கள். "இந்த மரப்பாச்சி என் மாமியார் கல்யாணத்துக்கு வந்தது, இந்தச் செட்டியார் பொம்மை காஞ்சிபுரத்தில் வாங்கியது" என்று பாட்டி ஒவ்வொன்றுக்கும் கதை சொல்வார். பாட்டி இருக்கும்வரை அது கொலு. பாட்டிக்குப் பின் யாரும் எழுதி வைக்கவில்லை என்றால் வெறும் மண் பொம்மை. விமானத்துக்காவது வாலருகே ஐந்து எழுத்து இருக்கிறது. அது எந்த விமானம் என்று எப்படியாவது தேடிவிடலாம். அது உங்கள் வீட்டுக்கு ஏன் வந்தது என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

அசல் விமானங்கள் அதிக நாள் இருப்பதில்லை. கான்கார்டு போல அருங்காட்சியகத்தில் இடம் கிடைப்பவை கொஞ்சம். பெரும்பாலானவற்றை உடைத்து உலோகமாக விற்றுவிடுகிறார்கள். 2024 ஏப்ரலில் ஏர் இந்தியாவின் 747 ஒன்று மும்பையிலிருந்து கடைசியாகக் கிளம்பியபோது இறக்கைகளை இருபுறமும் லேசாகச் சாய்த்து விடைபெற்றுப் போனது. அதற்குப் பிறகு மிஞ்சுவது நம்மைப் போன்றவர்கள் அலமாரியில் இருப்பதுதான்.

அதனால் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். கீழே நம் நூலக அறையில் கதவு போட்ட கண்ணாடி அலமாரி ஒன்று காலியாக இருக்கிறது. அதை நம் குடியிருப்பின் நினைவு அலமாரி ஆக்கலாம். விமானம்தான் வேண்டும் என்றில்லை. ரயில்வேயில் இருந்தவரின் விசில், டீச்சரின் மணி, தையல்காரரின் கத்தரிக்கோல், எதுவானாலும் சரி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றி வைக்கலாம். காரவெல்லைத் தர மாமி சம்மதித்துவிட்டார். என் பங்குக்கு ராஜேந்திர சோழனைத் தருகிறேன்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. சீட்டு இல்லாமல் பொருளை வாங்க மாட்டோம். நாலு வரி போதும். எழுத வரவில்லை என்றால் நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன். தபால் ஆபீஸில் இருந்தவன். அடுத்தவருக்காக எழுதிக் கொடுத்துப் பழக்கம் உண்டு.